குனிந்த முதுகில் தெரியும் காலம்

1849ஆம் ஆண்டின் இலையுதிர் காலத்தில், கிழக்குப் பிரான்சின் ஓர்னான் என்னும் சிற்றூருக்கு அருகே, நிலக்காட்சி ஒன்றைத் தீட்டுவதற்காக வண்டியில் போய்க்கொண்டிருந்த குஸ்தாவ் கூர்பே, சாலையோரத்தில் ஜல்லி உடைத்துக்கொண்டிருந்த இருவரைக் கண்டு வண்டியை நிறுத்தினார். ஒருவர் எழுபது வயது மதிக்கத்தக்க முதியவர். மற்றவன் பதினைந்து வயதை ஒட்டிய சிறுவன். வறுமையின் முழு உருவம் இவ்வாறு ஒரே இடத்தில் கண்ணில் படுவது அரிது என்று அவருக்குத் தோன்றியது. மறுநாள் காலை தம் ஓவியக்கூடத்துக்கு வரும்படி இருவரையும் அங்கேயே கேட்டுக்கொண்டார். அவ்வாண்டு நவம்பரில் நண்பர் பிரான்சிஸ் வேக்கு அவர் எழுதிய கடிதத்தில் இந்த நிகழ்ச்சி விரிவாக இருக்கிறது. முதியவரின் ஒட்டுப் போட்ட காற்சட்டை, மரக்காலணிக்கு மேலே தெரியும் குதிகால் கிழிந்த காலுறை, சிறுவனின் உடலில் ஸ்கர்வி நோய் இட்ட அடையாளம் என்று ஒவ்வொன்றையும் குறித்துவிட்டு, இந்தத் தொழிலில் தொடக்கம் இப்படி, முடிவு அப்படி என்று கூர்பே வருந்துகிறார்.

அந்த வருத்தத்துக்குள் ஓவியக் கலையின் பழைய சிக்கல் ஒன்று இருக்கிறது. உழைப்பு என்பது காலம். ஒருவர் சம்மட்டியை ஒரு முறை ஓங்குவது உழைப்பு ஆகாது. விடிந்ததிலிருந்து அடையும் வரை, இளமையிலிருந்து முதுமை வரை, அதே கை அதே உயரத்துக்கு எழுந்து அதே இடத்தில் விழுவதுதான் உழைப்பு. ஓவியத்துக்கு வாய்ப்பதோ ஒரே ஒரு கணம். திரும்பத் திரும்ப நடப்பதை அசையாத ஒரு பரப்பில் எப்படிக் காட்டுவது? பத்தொன்பதாம் நூற்றாண்டின் யதார்த்தவாத ஓவியர்களை நாம் பெரும்பாலும் எதை வரைந்தார்கள் என்பதற்காக நினைவில் வைத்திருக்கிறோம். ஏழைகளை வரைந்தார்கள், விவசாயிகளை வரைந்தார்கள் என்று சொல்லி நிறுத்திவிடுகிறோம். இந்தக் கேள்விக்கு அவர்கள் கண்ட விடைகளே அவர்களுடைய உண்மையான சாதனை என்று நான் கருதுகிறேன். அந்த ஓவியங்கள் எழுப்பிய சினத்துக்கும் அச்சத்துக்கும் காரணமும் பெரிதும் அங்கேயே கிடக்கிறது.

உழைப்பவர்கள் அதற்கு முன்பும் ஓவியத்தில் இல்லாமல் இல்லை. இடைக்கால ஐரோப்பாவின் பிரார்த்தனை நூல்களில் ஒவ்வொரு மாதத்துக்கும் ஒரு வேலை உண்டு. உழவும் அறுவடையும் திராட்சை பறிப்பும் ஆண்டுச் சுழற்சியின் அடையாளங்களாக அங்கே நிற்கின்றன. பதினேழாம் நூற்றாண்டின் நெதர்லாந்து ஓவியர்கள் சமையலறைகளையும் குடிசைகளையும் கைக்கடக்கமான அளவில், பல வேளைகளில் சிரிப்பூட்டும் நோக்கத்தோடு, தீட்டினார்கள். பதினெட்டாம் நூற்றாண்டில் திதரோவின் கலைக்களஞ்சியத்துக்காகச் செதுக்கப்பட்ட படத்தொகுதிகளில் ஒவ்வொரு தொழிலின் கருவியும், அதைப் பிடிக்கும் கையும் மிகத் துல்லியமாக இருக்கின்றன. ஆயினும் அந்தக் கைகள் களைப்பதில்லை. தொழில் நுட்பத்தை விளக்குவதற்காக வரையப்பட்ட கைகள் அவை. அவற்றுக்கு வயது கிடையாது, மாலை நேரம் கிடையாது.

பிரெஞ்சுக் கலைக்கழகம் வகுத்திருந்த படிநிலை இதற்குத் துணை நின்றது. விவிலியம், புராணம், வரலாறு ஆகியவற்றைச் சித்திரிப்பதே ஓவியத்தின் உச்சம் என்றும், அன்றாட வாழ்க்கைக் காட்சிகள் கீழ்ப்படியைச் சேர்ந்தவை என்றும் அது கற்பித்தது. ஆளுயர உருவங்களைக் கொண்ட பெரிய கித்தான் மன்னர்களுக்கும் தியாகிகளுக்கும் வீரர்களுக்கும் உரியது. கூலிக்காரரை வரையலாம், ஆனால் சிறிதாக வரைய வேண்டும். எழுதப்படாத இந்த ஒப்பந்தத்தைத்தான் கூர்பே உடைத்தார். அவருடைய ‘கல் உடைப்போர்’ ஏறத்தாழ 165 செ.மீ. உயரமும் 257 செ.மீ. அகலமும் கொண்டது. ஒரு வீரனின் இறப்புக்கு ஒதுக்க வேண்டிய இடத்தை ஜல்லிக் குவியலுக்கும் சோற்றுப் பானைக்கும் ஒதுக்கியதைப் பார்வையாளர்களால் எளிதில் ஏற்க முடியவில்லை.

அந்த ஓவியம் 1850 டிசம்பரில் தொடங்கிய சலோனில், அதாவது தேர்வுக்குழு ஒன்று படைப்புகளைத் தேர்ந்தெடுக்கும் பாரிஸின் அதிகாரபூர்வக் கலைக் கண்காட்சியில், தொங்கியபோது அதைப் பார்த்தவர்கள் மனத்தில் என்ன இருந்தது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 1848 பிப்ரவரிப் புரட்சி மன்னராட்சியை வீழ்த்தி, ஆண்கள் அனைவருக்கும் வாக்குரிமை அளித்தது. வேலையற்றோருக்காகத் தொடங்கப்பட்ட தேசியப் பட்டறைகளில் லட்சத்துக்கும் மேற்பட்டோர் பதிந்துகொண்டார்கள். ஜூன் மாதம் அரசு அந்தப் பட்டறைகளை மூட முற்பட்டதும் பாரிஸ் தொழிலாளர்கள் தடுப்பரண் எழுப்பினார்கள். 23ஆம் தேதி முதல் 26ஆம் தேதி வரை நடந்த சண்டையில் ஆயிரக்கணக்கானோர் மாண்டார்கள். அதன்பின் பாரிஸின் செல்வர்களுக்கு உழைப்பாளியின் உருவம் வெறும் உருவமாக இருக்கவில்லை. அவர் கையில் இருப்பது சுத்தியலானாலும் அரிவாளானாலும் அது எந்தப் பக்கம் திரும்பும் என்ற கலக்கத்தோடுதான் அவர்கள் பார்த்தார்கள். கூர்பேயின் ஓவியத்தைத் தேர்வுக்குழுவால் தடுக்கவும் இயலவில்லை. 1849 சலோனில் ‘ஓர்னானில் உணவுக்குப் பின்’ என்ற ஓவியத்துக்காக அவர் பெற்ற பதக்கம், இனித் தேர்வின்றியே படைப்புகளைக் காட்சிக்கு வைக்கும் உரிமையை அவருக்கு வழங்கியிருந்தது.

இனி ஓவியத்துக்குள் போவோம். முதியவர் ஒரு முழங்காலை ஊன்றி, வைக்கோல் தொப்பியின் நிழலில் முகம் மறைய, சுத்தியலை ஓங்கியிருக்கிறார். சிறுவன் நமக்கு முதுகைக் காட்டியபடி, உடைத்த கல் நிறைந்த கூடையைத் தொடையில் தாங்கித் தூக்க முயல்கிறான். அவன் சட்டை கிழிந்திருக்கிறது, காற்சட்டையை ஒற்றை வார் பிடித்து நிறுத்தியிருக்கிறது. பின்னால் குன்று ஏறக்குறைய மேல் விளிம்பு வரை எழுந்து வானத்தை அடைத்துவிடுகிறது. வலப்பக்க மூலையில் மட்டும் துண்டு நீலம். இருவர் முகமும் தெரியாததைப் பலர் குறையாகச் சொன்னார்கள். எனக்கு அது ஓவியத்தின் உயிர்நாடியாகப் படுகிறது. முகம் தெரிந்திருந்தால் இவர் ஒருவர், அவன் ஒருவன். நாம் இரங்கிவிட்டு நகர்ந்திருப்போம். முகம் மறைந்ததால் இரண்டு உடல்களும் ஒரே வாழ்க்கையின் இரு முனைகளாகிவிடுகின்றன. அந்தச் சிறுவன்தான் ஐம்பத்தைந்து ஆண்டுகள் கழித்து இந்த முதியவர். இந்த முதியவர்தான் ஐம்பத்தைந்து ஆண்டுகளுக்கு முன் அந்தச் சிறுவன். இருவருக்கும் இடையே கித்தானில் இருப்பது ஓரிரு அடி தூரம்; அந்த இடைவெளியில் நடுவயதுக்காரர் எவரும் இல்லை. கடிதத்தில் ஒரு வாக்கியத்தில் சொன்னதைக் கூர்பே இங்கே வயது வேறுபாட்டைக் கொண்டே சொல்லியிருக்கிறார்.

அதே வட்டாரத்தைச் சேர்ந்த சிந்தனையாளர் ப்ரூதோன் இந்த ஓவியத்தை நற்செய்தி உவமைக்கு ஒப்பிட்டார். இதைக் கண்ட உழவர்கள் சிலர் தங்கள் ஊர்த் தேவாலயத்தின் பீடத்துக்கு மேல் வைக்க விரும்பியதாகவும் பதிவு செய்தார். மூல ஓவியத்தை இனி யாரும் பார்க்க முடியாது. டிரெஸ்டன் அருங்காட்சியகத்தில் இருந்த அது, 1945 பிப்ரவரியில் பாதுகாப்பான இடத்துக்கு ஏற்றிச் செல்லப்பட்டபோது குண்டுவீச்சில் அழிந்தது. நம்மிடம் இருப்பவை நிழற்படங்களும், ஸ்விட்சர்லாந்தின் வின்டர்டூரில் உள்ள சிறிய வடிவமும்தான். ஆளுயரமாக வரைந்ததே அதன் பொருளின் பாதியாக இருந்த ஓர் ஓவியத்தைப் புத்தகப் பக்கத்தின் அளவில் மட்டுமே அறிய நேர்ந்தது பெரிய இழப்பு.

அதே சலோனில் ழான் பிரான்சுவா மில்லேயின் ‘விதைப்பவன்’ ஓவியமும் இருந்தது. மில்லே 1814இல் நார்மண்டியின் க்ரூஷி என்ற கடலோரச் சிற்றூரில் உழவர் குடும்பத்தில் பிறந்து, இளமையில் வயலில் உழைத்தவர். 1849இல் பாரிஸை விட்டுப் பார்பிசோன் கிராமத்துக்குக் குடிபெயர்ந்தவர். கூர்பே சாலையில் கண்டதை மில்லே தம் உடம்பிலேயே அறிந்திருந்தார். எந்த வேலைக்கு இடுப்பு எவ்வளவு வளைய வேண்டும், எந்தக் கை சும்மா இருக்கும், எங்கே வலிக்கும் என்பது அவருக்குத் தெரியும். அந்த அறிவு முழுமையாக வெளிப்பட்ட ஓவியம், 1857 சலோனில் வைக்கப்பட்ட ‘கதிர் பொறுக்கும் பெண்கள்’.

கதிர் பொறுக்குதல் என்பது அறுவடை முடிந்த வயலில் சிதறிக் கிடக்கும் கதிர்களை ஏழைகள் எடுத்துக்கொள்ளும் பழைய உரிமை. அறுப்பவன் வயலின் ஓரத்தையும் உதிர்ந்ததையும் ஏழைக்கும் வழிப்போக்கனுக்கும் விட்டுவிட வேண்டும் என்று விவிலியம் விதிக்கிறது. ரூத் என்ற கைம்பெண்ணின் கதை அந்த உரிமையைச் சுற்றியே நகர்கிறது. பிரான்சில் அந்த உரிமைக்குச் சட்டம் எல்லை கட்டியிருந்தது. 1810ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டத் தொகுப்பின்படி, விளைச்சல் முழுவதும் அகற்றப்படாத வயலில் பொறுக்கினாலும், சூரியன் உதிக்கும் முன்னும் மறைந்த பின்னும் பொறுக்கினாலும் அபராதம் உண்டு. ஆகவே இந்த மூன்று பெண்களும் சட்டம் அனுமதித்த நேரத்துக்குள், அது அனுமதித்த நிலத்தில், அது விட்டுவைத்த மிச்சத்தைத் தேடிக்கொண்டிருக்கிறார்கள். தொலைவில் பொன்னொளியில் மலைபோல் உயர்ந்த கதிர்ப் போர்கள், பாரம் ஏற்றிய வண்டி, அறுவடைக் கூட்டம், வலப்பக்கம் குதிரைமேல் ஒரு பண்ணைக் கண்காணி. அவ்வளவு விளைச்சலும் சிறு புள்ளிகளாக அடிவானத்தில் நிற்க, அரிதாள் குத்தும் தரையில் மூன்று உடல்கள் மட்டும் பெரிதாக நம் முன் குனிந்திருக்கின்றன.

அந்த மூவரையும் ஒருவர்பின் ஒருவராகப் பார்த்தால் மில்லே காலத்தை எப்படிக் கையாண்டார் என்பது விளங்கும். நீல முக்காடு அணிந்தவள் கதிரை நோக்கிக் கையை நீட்டுகிறாள்; அதுவரை சேர்த்த கதிர்களைப் பிடித்திருக்கும் மறுகை முதுகின்மேல் மடிந்திருக்கிறது. நெடுநேரம் குனிந்து வேலை செய்தவர்கள் இடுப்பின் சுமையைக் குறைக்கத் தாமாகவே அப்படிக் கையை வைத்துக்கொள்வார்கள். இரண்டாமவளின் விரல்கள் தரையைத் தொட்டுவிட்டன. மூன்றாமவள் பாதி நிமிர்ந்த நிலையில் கையிலுள்ள கதிர்களைப் பார்க்கிறாள். அடுத்த கணம் அவளும் குனிவாள். தேடுதல், எடுத்தல், நிமிர்தல் என்ற ஒரே அசைவின் மூன்று நிலைகளை மூன்று உடல்களுக்குப் பகிர்ந்து கொடுத்திருக்கிறார். மூன்று பெண்கள் ஒரு கணத்தில் செய்வதைப் பார்க்கும் கண், ஒரு பெண் நாள் முழுவதும் செய்வதை உணர்ந்துகொள்கிறது. இந்த ஓவியத்தை முதன்முதலில் கூர்ந்து பார்த்த பிறகு என் இடுப்பு என் நினைவுக்கு வந்தது. வேறு எந்த ஓவியமும் எனக்கு அப்படிச் செய்ததில்லை.

அன்றைய விமர்சகர்களில் ஒருவரான சேன் விக்தோர் இந்தப் பெண்களை வறுமையின் மூன்று விதிதேவதைகள் என்று இகழ்ந்தார். மற்றொருவருக்கு அவர்களுக்குப் பின்னால் பிரெஞ்சுப் புரட்சிக் காலத்து 1793இன் கொலைமேடைகள் தெரிந்தன. ஆளுக்கு ஒரு கைப்பிடிக் கதிர் பொறுக்கும் பெண்களிடம் கில்லட்டினைக் கண்டது மிகையாகத் தோன்றலாம். ஆனால் மூன்று பேரை வரைந்து ஒரு வர்க்கத்தையே முன்னால் நிறுத்தியிருக்கிறார் என்பதை அந்த எதிரிகள் சரியாகவே உணர்ந்தார்கள். மில்லே தம்மைச் சோஷலிஸ்ட் என்று சொல்லிக்கொள்ளவில்லை. அப்படிக் கருதப்பட்டாலும் மனிதப் பக்கமே கலையில் தம்மை அதிகம் தொடுகிறது என்று நண்பர் சான்சியேவுக்கு எழுதினார். ஓவியரின் கொள்கை எதுவாயினும், அவர் உடலைப் பார்த்த விதத்தில் ஒரு குற்றச்சாட்டு தானாகவே அமைந்துவிட்டது.

இதே ஓவியர் இதே ஆண்டுகளில் தீட்டிய ‘ஏஞ்சலஸ்’ ஓவியத்துக்கு வேறு விதி வாய்த்தது. அதில் ஓர் ஆணும் பெண்ணும் உருளைக்கிழங்கு வயலில் மாலை மணியோசை கேட்டு வேலையை நிறுத்திப் பிரார்த்திக்கிறார்கள். ‘கதிர் பொறுக்கும் பெண்கள்’ ஓவியத்துக்கு மில்லே பெற்றது 3,000 ஃபிராங்கு. அவர் 1875இல் இறந்தார். 1889இல் பாரிஸில் நடந்த ஏலத்தில் ‘ஏஞ்சலஸ்’ 5,53,000 ஃபிராங்குக்குப் போய், அமெரிக்கர்கள் கைக்குச் சேர்ந்தது. அடுத்த ஆண்டு ஷோஷார் என்ற வணிகர் 8,00,000 கொடுத்து அதைப் பிரான்சுக்கு மீட்டார். அதற்குள் மில்லேயின் எல்லா ஓவியங்களுக்கும் விலை ஏறியிருந்தது என்றாலும், வீடுதோறும் அச்சுப் பிரதியாக மாட்டப்பட்டது, உழைப்பு நின்றுபோன கணத்தைக் காட்டும் அந்த ஓவியம்தான். கருவி தரையில் குத்தி நிற்க, கைகள் கூம்பியிருக்கும்போது உழைப்பாளியைப் பார்ப்பது பலருக்கும் எளிதாக இருந்தது போலும். படைப்பு மறுவிற்பனையாகும்போது கலைஞருக்கோ வாரிசுகளுக்கோ ஒரு பங்கு சேர வேண்டும் என்று பிரான்ஸ் 1920இல் இயற்றிய சட்டத்துக்கான வாதங்களில், இத்தனை பெரிய தொகையில் மில்லே குடும்பத்துக்கு ஒரு காசும் சேராதது அடிக்கடி எடுத்துக்காட்டப்பட்டது.

நகரத்துப் பெண்களின் உழைப்பைப் பாரிஸ் ஓவியர் டோமியே கவனித்தார். சேன் நதித் தீவொன்றில் குடியிருந்த அவர், ஆற்றில் துவைத்துவிட்டு ஈரத்துணி மூட்டையோடு கரைப்படிகளில் ஏறும் சலவைப் பெண்களை நாளும் கண்டார். 1860களில் அவர் தீட்டிய ‘சலவைப் பெண்’ அரை மீட்டர் உயரம்கூட இல்லாத ஓவியம். தாய் ஒரு கையில் மூட்டையும் மறுகையில் குழந்தையுமாக ஏறுகிறாள். படி குழந்தையின் முழங்காலுக்கும் உயரம். அந்தக் குழந்தையின் கையில் துணி தட்டும் கட்டை இருக்கிறது. கூர்பே இரு ஆண்களைக் கொண்டு சொன்னதை, டோமியே அந்தச் சிறு கட்டையை வைத்தே சொல்லிவிட்டார்.

ரஷ்யாவில் பண்ணையடிமை முறை 1861இல் ஒழிந்தது. ஆனால் வோல்கா ஆற்றில் சரக்குப் படகுகளை நீரோட்டத்துக்கு எதிராகக் கரையிலிருந்து மனிதர்கள் இழுப்பது அதன் பிறகும் தொடர்ந்தது. கலைக்கழக மாணவராக இருந்த இலியா ரேபின், 1868இல் நேவா நதிக்கரையில் நன்றாக உடுத்திய உல்லாசப் பயணிகளின் நடுவே படகிழுப்போர் கடந்துபோனதைக் கண்டு அதிர்ந்தார். 1870இல் வோல்காக் கரையின் ஷிர்யாயெவோ கிராமத்தில் கோடையைக் கழித்து, அவர்களோடு பழகி, படம் எழுதினார். 1873இல் முடிந்த ‘வோல்காவில் படகிழுப்போர்’ ஓவியத்தில் பதினொருவர் இருக்கிறார்கள். கூர்பே மறைத்த முகங்களை ரேபின் ஒவ்வொன்றாகத் திறந்தார். முன்னால் இழுப்பவர் கானின், முன்னாள் பாதிரியார். அடிமையாக விற்கப்பட்ட கிரேக்கத் தத்துவஞானியை அவர் நினைவூட்டியதாக ரேபின் பின்னாளில் எழுதினார். அவருக்கு அருகில் ஒருவர் நம்மை நேராக உறுத்துப் பார்க்கிறார். நடுவில் இளைஞன் ஒருவன் மார்பை அழுத்தும் வாரைத் தளர்த்தியபடி தலையை நிமிர்த்துகிறான். அந்த வார் அவனுக்கு இன்னும் பழகவில்லை. மற்றவர்களுக்கு அது பழகிவிட்டது என்பதை அவன் ஒருவனே காட்டிக்கொடுக்கிறான். வலப்பக்கத் தொலைவில் ஒரு நீராவிக் கப்பலின் புகை மெல்லிய கோடாக எழுகிறது. இயந்திரம் வந்த பிறகும் மனித மார்பே மலிவாக இருந்த காலம் அது. இந்த ஓவியத்தைப் பார்ப்பதற்கு முன் பிரசாரமாக இருக்குமோ என்று அஞ்சிய தஸ்தயேவ்ஸ்கி, பார்த்தபின், இவர்களில் யாரும் தம் துன்பத்தைப் பார்வையாளரிடம் கூவிச் சொல்லவில்லை என்று பாராட்டினார். வாங்கியவர் பேரரசர் குடும்பத்துக் கோமகன். அது அவருடைய பில்லியர்ட்ஸ் அறையில் தொங்கியது.

1875இல் பாரிஸின் செல்வக் குடும்பத்து இளைஞரான கையெபோத், மரத்தரையைச் சீவும் மூன்று தொழிலாளர்களைத் தீட்டி சலோனுக்கு அனுப்ப, தேர்வுக்குழு மறுத்துவிட்டது. அடுத்த ஆண்டு இம்ப்ரெஷனிஸ்டுகள் என்ற புதிய பாணி ஓவியர்களின் கண்காட்சியில் அது இடம்பெற்றது. வெற்று மார்போடு முழங்காலிட்ட அந்த உடல்களைவிட, தரையே அங்கே கடிகாரமாக இருக்கிறது. சீவிய பட்டை வெளிறியும் சீவாத பட்டை இருண்டு பளபளத்தும் கிடக்க, எவ்வளவு முடிந்தது, இன்னும் எவ்வளவு மிச்சம் என்று எண்ணிப் பார்த்துவிடலாம்.

அதே ஆண்டில் பெர்லினில் அடோல்ஃப் மென்செல் ‘இரும்பு உருட்டாலை’ ஓவியத்தை முடித்தார். பிரஷ்ய மன்னர் ஃபிரெடரிக்கின் வாழ்க்கையையும் வில்லியம் மன்னரின் முடிசூட்டையும் வரைந்து புகழ்பெற்ற ஒருவர், அறுபதை நெருங்கும் வயதில், மேல் சைலீசியாவின் கோனிக்ஸ்ஹூட்டே ஆலைக்குப் போய் நூற்றுக்கும் மேற்பட்ட ஆய்வுச் சித்திரங்களை எடுத்துவந்தார். இன்று அவ்வூர் போலந்தில் ஹோஷூவ் என்ற பெயரில் இருக்கிறது. தண்டவாளம் உருட்டும் அந்தக் கூடத்தின் மையத்தில் வெண்சூட்டில் கனலும் இரும்பை இடுக்கிகளால் உருளைகளுக்குள் தள்ளுகிறார்கள். அந்த வெளிச்சம்தான் முகங்களுக்கு விளக்கு. இடப்பக்கம் ஷிஃப்ட் முடிந்தவர்கள் உடம்பு கழுவுகிறார்கள். வலப்பக்கம் கீழே, ஓர் இரும்புத் தகட்டை மறைப்பாக வைத்துச் சிலர் சாப்பிடுகிறார்கள். வேலை, கழுவல், சாப்பாடு ஆகிய மூன்றும் ஒரே கூரையின்கீழ் ஒரே நொடியில் நடக்கின்றன, ஏனெனில் உலை அணையக் கூடாது. மில்லேயின் வயலில் சூரியன் மறைந்தால் சட்டமே நிறுத்தச் சொல்லும். இங்கே மாலை என்று ஒன்று கிடையாது, ஆட்கள் மட்டும் மாறுகிறார்கள். கூட்டத்துக்குப் பின்னால், தொப்பி அணிந்த மேலதிகாரி ஒருவர் உலவுகிறார். பத்துப் பதினைந்து தொழிலாளர்களைத் தாண்டித் தேடினால்தான் அவர் அகப்படுவார்.

சாப்பிடுபவர்களின் அருகில் ஓர் இளம்பெண், சோறு கொண்டுவந்த கூடையின்மேல் குனிந்திருக்கிறாள். அத்தனை பெரிய கூடத்தில் ஒவ்வொருவர் கண்ணும் இரும்பின்மேலோ, தட்டின்மேலோ, தண்ணீரின்மேலோ இருக்க, அவள் மட்டும் குனிந்தவாறே தலையைத் திருப்பி நம்மைப் பார்க்கிறாள்.